எடுத்துக் கொடுக்காத சொல்

லாவண்யா எம்.ஃபில். படிக்க அல்சூருக்கு வந்து சேர்ந்த புதிதில், அவளுடைய தாய்மாமன் எத்திராஜ் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க அவளைச் சீண்டினார்.

"பயன்பாட்டு மொழியியல்னு சொல்றியே, அப்படின்னா என்னாடி? பேசக் கத்துக்கறதா? உனக்குத்தான் பொறந்ததுலேருந்து வாய் ஓயலையே."

"பேசறது இல்ல மாமா. பேச்சு எங்கெங்க எப்படி வேல செய்யுதுன்னு பாக்கறது. இப்ப நீங்க ஃபேக்டரில கன்னடம், கடைத்தெருவுல உருது, வீட்ல தமிழ். எந்த எடத்துல மாத்தறீங்கன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா?"

"செருப்பக் கழட்டற எடத்துல."

அடுப்படியில் நின்றிருந்த வேதநாயகி சத்தமாகச் சிரித்துவிட்டாள். லாவண்யா மட்டும் சிரிக்காமல், அந்தப் பதிலைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். பெண் படிப்பில் கெட்டிதான் என்று வேதநாயகி அப்போது பெருமையாக நினைத்தாள்.

வேதநாயகிக்கும் எத்திராஜுக்கும் குழந்தைகள் இல்லை. அவர் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபோர்மேன். அவள் பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தின் நூலக உதவியாளர். புத்தகங்களுக்கு அட்டை போடுவதும் எண் ஒட்டுவதும் வேலை. ஒட்டுவதற்கு முன் படித்துப் பார்ப்பது அவளாகச் சேர்த்துக்கொண்டது. தமிழ், கன்னடம், ஆங்கிலம் எது கையில் வந்தாலும் படிப்பாள். ஆனால் ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் கூச்சம் வந்து நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்றே பலர் நினைத்தார்கள். வேலூரிலிருந்து லாவண்யா வந்த பிறகு, காலையில் மூன்று டிபன் டப்பா கட்ட வேண்டியிருந்தது. அதைக் கட்டும்போது அவளுக்குத் தனியாக ஒரு சந்தோஷம் இருந்தது. கல்லூரியில் நடந்ததையெல்லாம் அந்தப் பெண் இரவுச் சாப்பாட்டின்போது ஒப்பிப்பாள். மாமன் கிண்டல் செய்வார். அத்தை இன்னொரு தோசை போடுவாள்.

லாவண்யாவுக்கு ஆய்வேட்டுத் தலைப்புதான் சரியாக அமையவில்லை. சிவாஜிநகர் மார்க்கெட்டில் வியாபாரிகள் மொழி கலந்து பேசுவதைப் பற்றி எழுதலாம் என்று போய் நின்றாள். வழிகாட்டிப் பேராசிரியர் ஆராவமுதன், போன வருஷமே இரண்டு பேர் அதைச் செய்துவிட்டார்கள் என்று கையை விரித்துவிட்டார். புதிதாக ஏதாவது கொண்டு வா என்றார். அவள் முகம் வாடிப்போய்த் திரிந்தாள்.

அந்த ஆடி மாதம், தொழிற்சாலையில் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எத்திராஜ் அப்படியே சாய்ந்தார்.

வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு அடியோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் கால் மெல்ல மெல்லத் தேறியது. நான்காவது வாரம் பிடித்துக்கொண்டு நடந்தார். பேச்சும் திரும்பியது. ஆனால் திரும்பியது கன்னடம் மட்டும்தான்.

"ரீ, ஸ்வல்ப நீரு கொட்ரி" என்றார் ஒரு மத்தியானம். வார்டில் மற்றவர்கள் கை தட்டாத குறை. வேதநாயகி தண்ணீர் டம்ளரை அவர் வாயில் வைத்துவிட்டு, வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளை 'வேதா' என்றுதான் கூப்பிடுவார். தெருமுனையில் வரும்போதே அந்தக் குரல் கேட்கும். இப்போது கேட்டது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணியிடம் மரியாதையாகத் தண்ணீர் கேட்கிற குரல். அவள் தமிழில் பேசினால் எல்லாம் புரிந்தது, தலையாட்டினார். பதில் மட்டும் தொழிற்சாலைக் கன்னடத்தில், மேலதிகாரியிடம் பேசுகிற பணிவோடு வந்தது.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, பக்கத்து வீட்டு லட்சுமம்மா பார்க்க வந்தாள். அவர் 'ரீ' போட்டு வேதநாயகியைக் கூப்பிடுவதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஐயோ தேவரே! எங்க ஜனத்துல பொண்டாட்டிதான் புருஷன 'ரீ'ம்பா. உங்க மனையில தலைகீழா ஆயிடிச்சே! கொடுத்து வெச்சவ நீ. எங்க வூட்டு மனுஷன் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என்ன 'ரீ'ன்னு கூப்ட்டா நான் தர்மஸ்தலத்துக்கு நடந்தே போயிட்டு வருவேன்."

எத்திராஜும் இடது பக்க வாயால் சிரித்தார். வேதநாயகியும் சிரித்தாள். லட்சுமம்மா போன பிறகு அவள் லாவண்யாவிடம் கேட்டாள்:

"திரும்ப வருமாடி? நீ படிச்சிருக்கியே. தமிழ் வருமா?"

"வரும் அத்தை. உள்ளதான் இருக்கு, அழிஞ்சு போகல. வழிதான் அடைச்சுக்கிட்டிருக்கு."

"எனக்கு அவரு கத பேச வேணாம். என் பேரச் சொன்னாப் போதும்."

ஆஸ்பத்திரியில் டாக்டர், பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் கூட்டி வரச் சொல்லியிருந்தார். டாக்டர்களிடம் பேசுவதெல்லாம் லாவண்யாதான். அவளே போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

"அங்க ஒரே கூட்டம் அத்தை. பேரு குடுத்திருக்கேன். எடம் வந்தா ஃபோன் பண்ணுவாங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன். இதெல்லாம் எங்க படிப்புல இருக்கறதுதான்."

வேதநாயகிக்கு உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. வீட்டிலேயே படித்த பெண் இருக்கும்போது ஆட்டோ பிடித்து அலைவானேன்?

மறு வாரமே லாவண்யா படங்கள் ஒட்டிய அட்டைகளோடும் ஒரு சின்ன டேப் ரிக்கார்டரோடும் வந்தாள். சீப்பு, குடை, மாடு, சாவி. எத்திராஜ் ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்காருவார். அவள் ஒவ்வொரு அட்டையாகக் காட்டுவாள். கன்னடத்தில் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். தமிழில் கேட்டால் வாய் கோணும், கண் அலையும். லாவண்யா பொறுமையாகக் காத்திருந்து, பிறகு அடுத்த அட்டைக்குப் போவாள். ஆராவமுதன் சாரே ஒரு தடவை வீட்டுக்கு வந்து, காபி குடித்துக்கொண்டு அரை மணி நேரம் கவனித்தார். போகும்போது லாவண்யாவிடம் ஆங்கிலத்தில், "இந்த மாதிரி ஒரு கேஸ் பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும்" என்றார். அது வேதநாயகியின் காதில் விழுந்தது. கஷ்டமான நோயைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

அவர் வந்துபோன பிறகுதான் லாவண்யா ஒரு விதியைச் சொன்னாள்.

"அத்தை, இனிமே ஒண்ணு பண்ணணும். மாமா ஒரு வார்த்தைக்குத் தடுமாறினா நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது. மொத எழுத்துகூட. அவரா தேடணும்."

"பாக்கப் பாவமா இருக்குதேடி."

"நீங்க எடுத்துக் குடுத்துக் குடுத்து, மூளை சோம்பேறி ஆயிடும். அப்புறம் தேடவே தேடாது."

வேதநாயகி அந்த விதியை விரதம் போலப் பிடித்துக்கொண்டாள். அவர் வாய்க்கு அவள் அத்தனை காலமாகச் சொல் எடுத்துக் கொடுத்து வந்தவள். கடைக்காரன் பெயர், உறவுக்காரப் பிள்ளையின் பெயர், காலையில் எங்கோ வைத்த பொருளின் பெயர், எல்லாவற்றுக்கும் அவர் கையை நீட்டுவார், அவள் நிரப்புவாள். அதுதான் அவர்கள் பேச்சு. இப்போது அவர் துவைத்த துணிகளுக்கு முன்னால் நின்று, "அது... அது..." என்று விரல்களை மடக்கி விரித்தால், அவருக்கு வேண்டியது துண்டு என்று தெரிந்தும் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். எடுத்துக் கையில் கொடுப்பாள். சொல்லைக் கொடுக்க மாட்டாள். அவர் அவள் முகத்தையே பார்ப்பார். பிறகு, "பேட, பிட்ரி" என்று கன்னடத்தில் அலுத்துக்கொண்டு போய்விடுவார். வேண்டாம், விடுங்கள்.

தீபாவளிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் தலைக்குக் குளித்துவிட்டு முடியை உதறிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் இருந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கீழுதட்டைப் பல்லில் அழுத்தினார்.

"வே..."

அவள் அப்படியே நின்றாள்.

"வே... வே..."

பாதிப் பேர் வந்துவிட்டது. மிச்சம் ஒரே எழுத்து. அது அவள் நாக்கு நுனியில் இருந்தது. லாவண்யா உள்ளேயிருந்து ஓடி வந்து, ரிக்கார்டரை அமுக்கிக்கொண்டே, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வேதநாயகி வாயைப் பொத்திக்கொண்டாள். எத்திராஜின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. மறுபடி முயன்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"சூப்பர் மாமா! சூப்பர்!" என்று லாவண்யா அவர் தோளைத் தட்டினாள். "அத்தை, பாத்தீங்களா? தானா வருது. நீங்க சொல்லியிருந்தா கெட்டுப்போயிருக்கும்."

"ஆஸ்பத்திரியில ஃபோன் பண்ணாங்களா?" என்று கேட்டாள் வேதநாயகி. வாரம் தவறாமல் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"இன்னும் இல்ல அத்தை. நானே ரிமைண்ட் பண்றேன்."

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு நாள், அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவர் சாப்பாட்டுத் தட்டைக் காட்டி, "நீவு ஊட்ட மாட்ரி" என்றார். நீங்கள் சாப்பிடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் வந்து அவள் திரும்பி ஓடி வந்தபோது, குளியலறை வாசலில் லட்சுமம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது ஸ்ட்ரோக்; உயிர் போயிருந்தது. அன்று வீட்டில் அதிகம் அழுதது லாவண்யாதான். அந்த அழுகையில் பொய் இல்லை. வேதநாயகி பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தும் அதில் பொய் இருந்ததாகத் தோன்றவில்லை.

ஆய்வேடு முடிந்தது. பைண்ட் செய்த பிரதியின் முதல் பக்கத்தில், 'என் அத்தைக்கு' என்று நன்றி எழுதியிருந்தது. உள்ளே எத்திராஜ் 'ஈ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தாக மாறியிருக்கிறார் என்று லாவண்யா சொன்னாள். வேதநாயகி அந்த முதல் பக்கத்தைத் தாண்டிப் புரட்டவில்லை. அவளால் முடியவில்லை.

ஆவணியில் வைவா. வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். தேர்வு முடிந்ததும் மாணவியின் வீட்டார் எல்லோருக்கும் இனிப்பு, காரம், காபி கொடுப்பது அந்தத் துறையில் வழக்கம். லாவண்யாவின் அம்மா மரகதத்துக்கு வேலூரிலிருந்து வர முடியவில்லை. "நீதான் அண்ணி அவளுக்கு எல்லாம்" என்று ஃபோனில் சொல்லிவிட்டாள். வேதநாயகி விடியற்காலை எழுந்து கேசரி கிளறி, பெரிய சம்புடத்தில் எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, சம்புடத்தைக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

லாவண்யா பட்டுப்புடவையில் அழகாக இருந்தாள். ஆங்கிலத்தில் தடங்கலில்லாமல் பேசினாள். மைசூரிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் வயதான கன்னட அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஆய்வேட்டைப் புரட்டினார்.

"அருமையான தரவு. ஆனால் ஒரு சந்தேகம். இத்தனை மாதம் இவருக்குப் பேச்சுப் பயிற்சியே கொடுக்கவில்லையா? நோயாளிக்குப் பயிற்சி நடந்தால் பேச்சு தானாகத் திரும்புவதைக் காட்டும் உங்கள் வரைபடம் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காதே."

"பயிற்சி இல்லை மேடம்" என்றாள் லாவண்யா. "ஆஸ்பத்திரியில் இடம் கொடுத்தார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள்."

வேதநாயகிக்கு முதலில் அது வேறு யாரோ ஒரு குடும்பத்தைப் பற்றியது போலத்தான் கேட்டது. மறுத்துவிட்டார்கள். யார்? அந்த வீட்டில் மறுப்பதற்கு வேறு யார் இருந்தார்கள்? ஆங்கிலம் சரியாகப் புரியவில்லையோ என்று, புத்தகத்தில் ஒரு வரியைத் திரும்பப் படிப்பது போல அந்த வாக்கியத்தை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் புரிந்திருந்தது. இடம் கிடைத்திருக்கிறது. இவள் வேண்டாமென்று சொல்லியிருக்கிறாள். எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றது வைத்தியம் இல்லை. வரைபடம் சுத்தமாக வர வேண்டும் என்பதற்காக. அதற்காக அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"அவையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார் ஆராவமுதன். அது ஒரு சம்பிரதாயம். யாரும் எதுவும் கேட்பதில்லை. பியூன் அதற்குள் பேப்பர் தட்டுகளை எடுக்கப் போய்விட்டான்.

வேதநாயகி எழுந்து நின்றாள்.

"அந்தக் குடும்பம் நான்தான்" என்றாள் தமிழில். "வேணாம்னு நான் யார்கிட்ட சொன்னேன்? எடம் வந்துச்சுன்னு எங்கிட்ட யாரு சொன்னாங்க?"

மைசூர் அம்மாளுக்குத் தமிழ் தெரியவில்லை. "என்ன கேட்கிறார்? மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்" என்றார் லாவண்யாவிடம்.

லாவண்யாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "இவர் என் அத்தை, மேடம்" என்றாள் ஆங்கிலத்தில். "கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார். துறைக்கு நன்றி சொல்கிறார்."

பதினைந்து பேர் கை தட்டினார்கள்.

கை தட்டல் ஓயும்வரை வேதநாயகி காத்திருந்தாள். பிறகு மைசூர் அம்மாளைப் பார்த்து, அதே கேள்வியைக் கன்னடத்தில் கேட்டாள். ஒரு சொல் விடாமல், மரியாதை குறையாமல் கேட்டாள். அவள் கணவர் கடைசி ஆறு மாதம் அவளிடம் பேசிய மொழிதான் அது, நன்றாகவே பழகியிருந்தது.

மைசூர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். ஆராவமுதன் எழுந்து, "ஐந்து நிமிஷம் இடைவேளை" என்று அறிவித்துவிட்டு, வேதநாயகியை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"அம்மா, கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்கோ. உள்ள போனதும் அவா உங்களைத்தான் நேராக் கேப்பா. 'லாவண்யா சொன்னா, நான்தான் மறந்துட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. துக்கத்துல மறக்கறது சகஜம்தானே? யாரும் தப்பா நெனைக்க மாட்டா. இல்லேன்னா கொழந்தையோட டிகிரி போயிடும். ரெண்டு வருஷ உழைப்பு."

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

அவர் தோளைத் தடவிக்கொண்டார்.

"பயிற்சி ஆரம்பிச்சா டேட்டா கெட்டுப்போயிடும்னு நான் சொன்னது வாஸ்தவம். பொய் சொல்லுன்னு சொல்லலை. குடும்பத்துக்கிட்ட பேசிட்டியான்னு கேட்டேன். 'பேசிட்டேன், ஒத்துண்டா'ன்னு சொன்னா. நம்பினேன்."

"எங்க வீட்டுக்கு வந்து காபி குடிச்சீங்களே சார். நான் அங்கதான நின்னுக்கிட்டிருந்தேன். எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கொழந்தை பாவம் அம்மா" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே போனதும் மைசூர் அம்மாள் கன்னடத்தில் நேராகவே கேட்டார். "பயிற்சி வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்களா அம்மா?"

லாவண்யா மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இன்னொரு தோசை கேட்கும்போது இருக்கிற அதே முகம். ஒரு வார்த்தைதான். எடுத்துக் கொடுத்தால் இந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள்.

"இல்லை" என்றாள். "சொல்லவில்லை. இடம் வந்ததா என்று வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தேன்."

மைசூர் அம்மாள் தன் காகிதத்தில் எதையோ எழுதி, முடிவை இன்று அறிவிப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவையினர் ஒருவரையொருவர் பார்க்காமல் கலைந்தார்கள். வேதநாயகி சம்புடத்தைப் பியூனிடம் கொடுத்து, அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

பஸ் ஸ்டாப்பில் அவள் தனியாக நின்றபோது, லாவண்யா புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அத்தை, ஆறு மாசம்தான்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நானே கூட்டிக்கிட்டுப் போறதா இருந்தேன். சத்தியமா. அவரு போயிடுவாருன்னு எனக்கென்ன தெரியும்?"

வேதநாயகி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா மேல எனக்குப் பாசம் இல்லேன்னு நெனைக்கறீங்களா?"

"இல்லடி. இருந்துச்சு. அதான் எனக்குப் புரியல."

"திட்டுங்க அத்தை. அடிக்கவாவது செய்ங்க. இப்படி நிக்காதீங்க."

"ஒண்ணு மட்டும் சொல்லு. எங்கிட்ட கேட்டிருக்கலாமே. மாமாவ வெச்சுத்தான் என் படிப்பு, பயிற்சி கொஞ்சம் தள்ளிப் போடலாமான்னு. ஏன் கேக்கல?"

லாவண்யா மூக்கை உறிஞ்சினாள். ஏதோ பொய் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள்.

"கேட்டா நீங்க வேணாம்னு சொல்லியிருப்பீங்க அத்தை. அதனாலதான் கேக்கல."

பஸ் வந்தது. கண்டக்டர், "அல்சூரு, அல்சூரு, பேக பன்னி" என்று படிக்கட்டிலிருந்து அவசரப்படுத்தினான். வேதநாயகி ஏறிக்கொண்டாள். லாவண்யாவும் பழக்கத்தில் ஒரு காலைப் படியில் வைத்தாள்.

"நீ ஹாஸ்டல்ல எடம் கேளு" என்றாள் வேதநாயகி, குரலை உயர்த்தாமல். "உன் சாமானெல்லாம் கட்டி லட்சுமம்மா வீட்ல வெச்சிடறேன். நான் இல்லாத நேரமா வந்து எடுத்துக்க."

லாவண்யா காலை எடுத்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் ஊதினான். பெண்கள் பக்கம் கடைசி சீட்டில் இடம் இருந்தது. வேதநாயகி போய் உட்கார்ந்து, டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கப் பையைத் திறந்தாள்.